தூம்பு திறக்கும் நேரம்

கொச்சிக்கு வடக்கே காயலுக்குள் சிதறிக் கிடக்கின்றன கடமக்குடித் தீவுகள். ஐப்பசியில் அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்று நெல் அறுப்பார்கள். மார்கழியில் அதே வயலில், அதே வரப்புக்குள், இறால் பிடிப்பார்கள். வயல் ஒன்றுதான். அதில் நிற்கும் தண்ணீர்தான் வேறு. ஐப்பசியில் நெல் பொறுத்துக்கொள்ளும் நன்னீர், மார்கழியில் நாக்கில் வைத்தால் கரிக்கும் உப்புநீர். எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் காலங்காலமாக நடந்துவரும் இந்த விவசாயத்துக்குப் பொக்காளி என்று பெயர். அதில் விளையும் நெல்லுக்கும் அதே பெயர்தான்.

உப்பேறிய வயல் என்றால் நமக்கு மனம் பதறும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையோர விவசாயிகள் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். கடல் ஏறி இறங்க அதிக நேரம் ஆகவில்லை. அது விட்டுச்சென்ற உப்பைக் கழுவ அடுத்தடுத்த மழைகளும் மூட்டை மூட்டையாக ஜிப்சமும் தேவைப்பட்டன. பொக்காளி விவசாயிகளோ ஆண்டுதோறும் தாங்களே மதகைத் திறந்து கடலை வயலுக்குள் விடுகிறார்கள். ஐந்து மாதம் அதை உள்ளே நிறுத்திவைக்கிறார்கள். பிறகு அதே மண்ணில் உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் நெல் எடுக்கிறார்கள். எப்படி முடிகிறது?

பொக்காளியைப் பற்றி வரும் செய்திகளில் ‘கடல்நீரில் விளையும் அதிசய நெல்’ என்ற வரி தவறாமல் இருக்கும். அது சரியல்ல. கடல்நீரில் விளையும் நெல் எதுவும் இல்லை. மண்ணில் உள்ள உப்பை அதன் மின்கடத்தும் திறனை வைத்து அளப்பார்கள். மீட்டருக்கு 3 டெசிசீமென்ஸ் தாண்டினாலே சாதாரண நெல்லின் மகசூல் சரியத் தொடங்கும். பொக்காளி 6 முதல் 8 வரை தாங்கும். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. அதாவது பொக்காளியின் தாங்குதிறன் நெல் இனத்துக்குள் மிக உயர்ந்தது, ஆனால் கடலுக்கு முன்னால் அது சின்ன அளவுதான். மீதி வித்தை செடிக்குள் இல்லை. எந்த நாளில் எந்தத் தண்ணீரை உள்ளே விடுவது, எந்த நாளில் வெளியே விடுவது என்ற கணக்கில் இருக்கிறது. இந்த விவசாயத்தின் மையம் விதை என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அது மதகு என்றே தோன்றுகிறது.

அந்த மதகை அங்கே தூம்பு என்கிறார்கள். வரப்பை அறுத்து, காயலுக்கும் வயலுக்கும் நடுவே மரத்தாலோ கான்கிரீட்டாலோ கட்டிய குறுகிய வழி. இரு பக்கச் சுவரிலும் காடி வெட்டியிருக்கும். அந்தக் காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் தண்ணீர் நிற்கும், ஒரு பலகையை உருவினால் அந்த உயரத்துக்கு மேல் உள்ள தண்ணீர் மட்டும் பாயும். மோட்டார் இல்லை, இரும்புச் சக்கரம் இல்லை. தள்ளுகிற வேலையைக் கடலே செய்கிறது. கொச்சியில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அதிகம் போனால் ஒரு மீட்டர்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் எழும்பும் ஏற்றத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் கடல்மட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ கிடக்கும் வயலுக்கு அந்த ஒரு மீட்டரே போதும். ஏற்றத்தில் பலகையை எடுத்தால் வயல் நிரம்பும், வற்றத்தில் எடுத்தால் வடியும்.

இந்த நிலமே தண்ணீர் கொண்டுவந்து போட்ட நிலம். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் முசிறித் துறைமுகம் தூர்ந்துபோனதாகவும், தெற்கே கொச்சியில் முகத்துவாரம் அகன்றதாகவும், வைப்பின் தீவு உருவானதாகவும் வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். சங்கப் புலவர்கள் பாடிய, யவனக் கப்பல்கள் மிளகுக்கு வந்து நின்ற அதே முசிறிதான். ஆறு கொண்டுவந்த வண்டலும் கடல் தள்ளிய சேறும் கலந்து படிந்த இடங்களில்தான் இன்று ஏழிக்கரையும் குழுப்பிள்ளியும் கடமக்குடியும் இருக்கின்றன.

வண்டல் என்றதும் வளம் என்று எண்ணிவிடலாம். இந்த மண்ணில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடல்நீரில் சல்பேட் உண்டு. காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் மட்கிய தாவரங்களைத் தின்றபடி அந்த சல்பேட்டை சல்பைடாக மாற்றுகின்றன. அது மண்ணின் இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகப் படிகிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை பைரைட் சாது. நிலத்தை நீண்ட காலம் உலரவிட்டால் காற்று உள்ளே போகும், பைரைட் கந்தக அமிலமாக மாறும், நெல் வேர் தாங்க முடியாத அளவுக்கு மண் புளித்துப்போகும். ஆகவே, ‘பெரிய அணையாகக் கட்டிக் கடலை ஒரேயடியாகத் தடுத்துவிட்டால் நல்ல வயலாகிவிடுமே’ என்று வெளியிலிருந்து யோசனை சொல்பவர்களுக்கு இந்த மண் இடம் தராது. அதை ஈரத்திலேயே வைத்துப் பிழைக்க வேண்டும். கடலை அடியோடு விலக்காமல் வரச்சொல்லிப் போகச்சொல்லும் வழியை இங்குள்ளவர்கள் கண்டடைந்ததற்கு இந்த மண்ணும் ஒரு காரணம்.

ஆண்டின் கணக்கு விஷுவில் திரும்புகிறது. ஏப்ரல் 14 வரை இறால் காலம். அது முடிந்ததும் வரப்புகளைச் சேறு போட்டு உயர்த்தி, வற்றத்தின் போது தூம்பு வழியாகத் தண்ணீரை வடிப்பார்கள். வடியாமல் நிற்பதைப் ‘பெட்டியும் பறையும்’ என்று அந்த வட்டாரத்தில் சொல்லும் மரப்பெட்டி பம்பால் இறைத்துவிடுவார்கள். மேல்மண் லேசாக உலர்ந்து வெடிப்பு விடும். அந்த வெடிப்பு வேண்டும். பிறகு வரும் மழை அதற்குள் இறங்கித்தான் உப்பைக் கரைக்கப்போகிறது.

அடுத்து நடப்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. வயல் முழுவதும் மண்ணைக் குவியல் குவியலாகக் கூட்டுவார்கள். ஒவ்வொன்றும் அடியில் ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம். பார்த்தால் ஏதோ விளையாட்டுக்குக் குவித்தது போல் இருக்கும். பின்னால் இருக்கும் காரணம் நுட்பமானது. சமதளமான உப்பு வயலில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும், கரைந்த உப்பும் அங்கேயே தேங்கும். மேடாக இருந்தால் மழைநீர் உச்சியில் இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு பக்கவாட்டில் வழிந்து பள்ளத்துக்குப் போகும். பள்ளத்து நீரை வற்றத்தில் தூம்பைத் திறந்து வெளியேற்றுவார்கள், ஏற்றத்தில் மூடிக்கொள்வார்கள். கொச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் தொடங்கிக் கொட்டும் தென்மேற்குப் பருவமழை. சில நல்ல மழைகளிலேயே குவியலின் உச்சி, நெல் முளைக்கும் அளவுக்குச் சுத்தமாகிவிடும். அதற்குள் பெரியாறும் மற்ற ஆறுகளும் பெருகிக் காயலின் உப்பையே கடல்பக்கம் தள்ளிவிடும். வயலைக் கழுவ ஆறு, மழை, கடலின் வற்றம் என மூன்று சக்திகளைப் பயன்படுத்துகிறார்கள், ஒன்றுக்கும் செலவில்லை.

மழை எந்த நாளில் போதுமானபடி பெய்யும் என்று யாருக்கும் தெரியாது. முன்கூட்டி விதைத்தால் உப்பில் கருகும், பிந்தினால் பெருமழையில் மூழ்கும். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தென்னங்கீற்றால் பின்னிய கூடையில் வாழையிலையோ தேக்கிலையோ பரப்பி, விதைநெல்லை நிரப்பி இறுக்கிக் கட்டுவார்கள். கூடையை நன்னீர்க் குளத்தில் 12 முதல் 15 மணி நேரம் முக்கியெடுத்து நிழலில் வைப்பார்கள். விதைக்குள் வேர் லேசாக எட்டிப்பார்க்கும், அதோடு நின்றுவிடும். நெருக்கமும் குறைந்த ஈரமும் காற்றின் போதாமையும் சேர்ந்து வளர்ச்சியை அங்கேயே நிறுத்திவைக்கின்றன. இந்த நிலையில் ஒரு மாதம் வரைகூட விதை உயிரோடு காத்திருக்கும். மழை வந்து மண் கழுவப்பட்டது என்று தெரிந்ததும் கூடையை இன்னொரு முறை சில மணி நேரம் நனைத்து, குவியலின் உச்சியில் தூவினால் உடனே வேர்பிடிக்கும். உப்பில்லாத அந்தச் சில நாள் அவகாசத்தில் நாற்று எவ்வளவு சீக்கிரம் வேர் இறக்குகிறதோ அவ்வளவு நல்லது. முளைக்கச் செலவாகும் நாட்களை அவர்கள் முன்பே கூடைக்குள் செலவழித்து வைத்திருக்கிறார்கள்.

முப்பது, முப்பத்தைந்து நாளில் நாற்று ஏறத்தாழ ஒன்றரை அடி வளர்ந்திருக்கும். அப்போது பெண்கள் வயலில் இறங்குவார்கள். மண்வெட்டியால் குவியலைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு மண்கட்டியோடும் சில நாற்றுகள் ஒட்டியிருக்கும்படி எடுத்து, சுற்றியுள்ள பள்ளங்களில் பரப்புவார்கள். வேரில் பிடித்த மண் கலைவதில்லை என்பதால் நாற்று அதிர்ச்சி கொள்வதில்லை. மேடாக இருந்த நாற்றங்கால் கலைந்து வயலாகிறது. அதற்கப்புறம் அறுவடை வரை செடிக்குக் கையால் செய்யும் வேலை மிகக் குறைவு.

இனி செடி தன் பங்கைச் செய்ய வேண்டும். மழை சில நாள் ஓய்ந்தால் காயலில் உப்பு ஏறும், வரப்பின் ஓட்டை வழியாக அது கசியும். அந்த நாட்களுக்குத்தான் பொக்காளியின் உடல் பழக்கப்பட்டிருக்கிறது.

உப்பு நெல்லை இரண்டு விதமாகத் தாக்கும். வெளியே உப்பு அதிகமானால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, தண்ணீருக்கு நடுவே நின்றபடி செடி தாகத்தில் வாடும். அதைவிட மோசமானது சோடியம். செல்லுக்குள் புரதம் உருவாவதற்கும் பல நொதிகள் இயங்குவதற்கும் பொட்டாசியம் வேண்டும். சோடியம் அதே மின்னேற்றம் கொண்டது, அளவில் சற்றே சிறியது, ஆனால் பொட்டாசியத்தின் வேலை அதற்குத் தெரியாது. பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொண்டால் அந்த நொதி முடங்கும். இலை நுனி வெளுத்துக் கருகத் தொடங்கும்.

வேரிலேயே இதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. வேரின் உட்புறத்தில் ஓர் அடுக்குச் செல்களைச் சுற்றி சூபரின் எனும் மெழுகு போன்ற பொருள் படிந்திருக்கும். மண்ணிலிருந்து வரும் நீர் செல்களின் இடுக்கு வழியாக நேரே உள்ளே நுழையாமல் செல்லைக் கடந்தே போகும்படி அது செய்கிறது. செல்லைக் கடக்கும்போது எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று செடியால் பார்க்க முடியும். சிக்கல் என்னவென்றால் நெல் வேரில் இந்த அடைப்பு ஓட்டை உடையது. அந்த ஓட்டைகள் வழியாகத்தான் நெல்லுக்குள் பெருமளவு சோடியம் போகிறது என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் காட்டினார்கள். பொக்காளியின் வேரில் இந்த அடைப்பு தடிப்பாக இருக்கிறது. உப்பு ஏறியதும் இன்னும் தடிக்கிறது.

அதையும் தாண்டி வந்த சோடியத்துக்கு அடுத்த காவல். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் நாளங்களை ஒட்டிய செல்களில் ஒரு புரதம் இருக்கிறது. அது மேலே ஏறிக்கொண்டிருக்கும் நீரிலிருந்து சோடியத்தைப் பிடித்து வெளியே எடுத்து, இலைக்குப் போகவிடாமல் செய்கிறது. நெல்லின் முதல் குரோமோசோமில் இதற்குத் தொடர்புடைய ஒரு பகுதி உண்டு. பொக்காளியிலிருந்து கண்டறியப்பட்ட அதற்கு சால்டால் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2005இல் சீன ஆய்வாளர்கள் நோனா போக்ரா என்ற இன்னொரு உப்புநெல்லிலிருந்து அந்தப் புரதத்துக்கான மரபணுவை அடையாளம் கண்டபோது அதுவும் இதே பகுதியில்தான் இருந்தது. இவ்வளவுக்கும் தப்பி இலைவரை போன சோடியத்தைப் பொக்காளி வயதான அடியிலைகளில் ஒதுக்குகிறது. அந்த இலைகள் காய்ந்தாலும் குருத்தும் கதிரும் பிழைக்கும். செடி வேகமாக உயர்வதும் ஒரு தற்காப்புதான். உடம்பு பெருகப் பெருக, ஏறிய உப்பு அதிக நீரில் பரவிச் செறிவு குறைகிறது.

உயரம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பொக்காளி நாலரை அடிக்கு மேல் வளரும். பசுமைப் புரட்சி நெல்லைக் குட்டையாக்கியது. உரம் போட்ட வயலில் நெட்டை நெல் சாய்ந்துவிடும் என்பதால் அது அந்த வயல்களுக்குப் பொருந்திய தீர்வு. இங்கே ஆகஸ்டில் ஒரு பெருவெள்ளம் வந்தால் குட்டை ரகம் மூழ்கிச் செத்துப்போகும். பொக்காளி வெள்ளத்தோடு உயர்ந்து, வெள்ளம் வடியும்போது தண்டு மடிந்து படுத்து, கதிரை மட்டும் நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். வைற்றிலாவில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் சூட்டுப்பொக்காளி என்ற நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த வைற்றிலா-1 தொடங்கி வரிசையாக ரகங்களை வெளியிட்டிருக்கிறது. செருவிரிப்பு, செட்டிவிரிப்பு என்று பழைய ரகங்களும் உண்டு. 2008இல் பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அக்டோபர் கடைசியில் அறுவடை. பெண்கள் தண்ணீரில் நின்று கதிரோடு ஓரடி நீளம் மட்டும் அறுத்து வள்ளத்தில் போடுவார்கள். மீதித் தாள் முழுவதும் வயலிலேயே நிற்கும். நம் ஊரில் வைக்கோலை விட்டுவிட்டு வந்தால் பெரியவர்கள் திட்டுவார்கள். இங்கே அதை விட்டுவைப்பதில்தான் அடுத்த விளைச்சல் இருக்கிறது.

நவம்பர் 15 முதல் வயல் இறாலுக்கு. பருவமழை ஓய்ந்து ஆறுகள் மெலிய, கடல் மெல்ல காயலுக்குள் ஏறிவரும். அதனோடு வருபவை இறால் குஞ்சுகள்.

காயலில் நாம் பார்க்கும் இறால் காயலில் பிறந்ததல்ல. நாரன் என்று கேரளத்தில் அழைக்கப்படும் வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும், ஒரே பெண் இறால் லட்சக்கணக்கில். ஒரு நாளுக்குள் பொரிந்து வெளிவருவது இறால் போலவே இருக்காது, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு புள்ளி. பல முறை சட்டை உரித்து, இரண்டு வாரத்துக்குள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஊசி போன்ற குஞ்சாகிறது. கடலிலேயே இருந்தால் பெரும்பாலும் மீனுக்கு இரையாகும். காயலில் நிழலும் தீனியும் உண்டு, பெரிய மீன்கள் குறைவு. ஆனால் இவ்வளவு சிறிய உயிர் எப்படி நீரோட்டத்தை எதிர்த்து உள்ளே வரும்? அது எதிர்ப்பதில்லை. ஏற்றத்தின் போது மேலே வந்து நீரோடு உள்ளே மிதந்துவரும். வற்றம் தொடங்கியதும் அடியில் போய்ச் சேற்றை ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஏற்றத்தில் மறுபடி மேலே. ஏறிய தூரத்தை இழக்காமல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும்.

தூம்புக்காரர் செய்வதும் இதே கணக்கைத்தான். ஏற்றத்தில் பலகையை எடுத்துக் குஞ்சுகளோடு நீரை உள்ளே விடுகிறார். இரவில் தூம்பின் மேல் விளக்கு தொங்கும், வெளிச்சத்தை நாடிக் குஞ்சுகள் அந்தப் பக்கம் கூடும். வற்றத்தில் மூங்கில் தட்டியோ வலையோ வைத்து நீரை மட்டும் வெளியே விடுகிறார். குஞ்சை விலைக்கு வாங்கி விடாமல் கடல் தருவதைத் தேக்கிக்கொள்ளும் முறை இது.

உள்ளே வந்த இறாலுக்கு விட்டுவந்த தாள்தான் மேய்ச்சல் நிலம். உப்புநீரில் அழுகத் தொடங்கும் ஒவ்வொரு தாளின் மேலும் பாசியும் பாக்டீரியாவும் நுண்ணுயிர்களும் வழவழப்பான படலமாகப் படியும். கையில் ஒரு தாளை எடுத்து உருவினால் அந்த வழவழப்பு விரலில் தெரியும். இறால் அதை மேய்ந்து வளர்கிறது. தெள்ளி, சூடன், நாரன், காரை என்று ரகத்துக்கு ஏற்ற வேகத்தில் வளர்கின்றன. அவை கழிக்கும் எச்சமும் உரிக்கும் ஓடும், காயல் கொண்டுவந்து படியவைக்கும் வண்டலும் அடுத்த நெல்லுக்கு உரம். உப்புநீர் நன்னீர்க் களைகளையும் சாகடித்துவிடுகிறது.

இறாலுக்கும் உப்பு ஒரு சவால்தான் என்பதை நாம் யோசிப்பதில்லை. அதன் இரத்தத்தின் உப்பு கடலைவிடக் குறைவு, மழைக்காலக் காயலைவிட அதிகம். கடலில் இருக்கும்போது செவுளின் செல்கள் உப்பை வெளியே தள்ள வேண்டும். காயலில் உப்பு குறைந்ததும் அதே செல்கள் வேலையைத் திருப்பி, நீரிலிருந்து உப்பை உள்ளே இழுக்கும். நெல் வேரில் சோடியத்தைப் பிடித்துத் திருப்பும் புரதம், இறாலின் செவுளில் உப்பை ஏற்றி இறக்கும் புரதம், வரப்பில் பலகை ஏற்றி இறக்கும் மனிதர், மூவரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிடிப்பு டிசம்பரில் தொடங்கும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களைத் தக்கம் என்பார்கள். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அந்த நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் ஆழம். வளர்ந்த இறாலுக்குக் கடலுக்குத் திரும்பும் வேட்கை வரும் நாட்களும் இவையே. தூம்பின் வாயில் கூம்பு வடிவ வலையைக் கட்டி, வற்றம் நன்றாக இழுக்கும் நேரத்தில் பலகையை எடுப்பார்கள். வயல் நீர் இரைச்சலோடு வலைக்குள் பாயும். விளக்கு வெளிச்சத்தில் வலைக்குள் இறால்களின் கண்கள் சிவப்பாக மின்னும். வலையின் நுனி முடிச்சை அவிழ்த்துக் கூடையில் கொட்டி, மறுபடி கட்டி, மறுபடி கொட்டி, வற்றம் தளரும்வரை அந்த வேலை நடக்கும்.

உப்புநெல்லின் மரபணு உலகம் சுற்றிவிட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பொக்காளியை இன்னொரு ரகத்தோடு சேர்த்து எஃப்.எல். 478 என்ற நெல்லை உருவாக்கியது. அதன் வழியாக சால்டால் பல நாடுகளின் ரகங்களுக்குள் போயிருக்கிறது. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை நம் வெள்ளைப் பொன்னிக்குள் கொண்டுவந்து சோதித்திருக்கிறார்கள். நமக்கும் குழிவெடிச்சான், களர்பாலை போன்ற உப்பு தாங்கும் நாட்டு நெல்கள் இருக்கின்றன என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். கடல்மட்டம் உயரும் காலத்தில் இந்த ஆராய்ச்சி மிக அவசியம். ஆனால் கண்ணாடிக் குழாயில் போகக்கூடியது மரபணு மட்டும்தான். குவியலும் கூடையும் தூம்பும் அதில் போகாது.

அவை இருக்கும் இடத்திலோ நிலைமை நன்றாக இல்லை. ஒருகாலத்தில் மூன்று மாவட்டங்களிலும் சேர்ந்து 25,000 ஹெக்டேர் வரை இருந்ததாகச் சொல்லப்படும் பொக்காளி நிலம், இப்போது நெல் விளையும் பரப்பைப் பார்த்தால் அதில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. காரணம் எளிது. நெல் ஹெக்டேருக்கு ஒன்றரை, இரண்டு டன்தான் தரும். சேற்றில் இயந்திரம் இறங்காது, இடுப்பளவு தண்ணீரில் அறுக்க இளையவர்கள் வருவதில்லை, விளைந்த கதிரை நீலத் தாழைக்கோழிகள் கூட்டமாக வந்து முறித்துவிடும். இறால் ஏற்றுமதிச் சரக்கு. அதனால் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் நெல்லை விட்டுவிட்டு ஆண்டு முழுக்க உப்புநீரை நிறுத்த விரும்புகிறார்கள். ‘ஒரு நெல்லும் ஒரு மீனும்’ என்று கேரள அரசு திட்டம் வைத்திருக்கிறது, இறால் காலம் ஏப்ரல் 14இல் முடிய வேண்டும் என்று விதியும் உண்டு. பல இடங்களில் அது ஏட்டோடு நிற்கிறது.

நெல் போனால் போவது அரிசி மட்டும் இல்லை. தாள் இல்லாத வயலில் இறாலுக்கு மேய்ச்சல் குறையும். 1990களின் நடுவிலிருந்து இந்தியக் கடற்கரையெங்கும் இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி வைரஸ் இங்கும் வந்தது. ஆண்டு முழுக்க இறாலையே நம்புகிறவருக்கு அந்த நோய் வரும் ஆண்டில் கையில் வேறொன்றும் இருக்காது. நாற்று பரப்பி, கதிர் அறுத்துக் கூலி வாங்கிய பெண்களுக்கு அந்த வேலை நாட்கள் இல்லாமல் போகின்றன. வயலை ஒட்டிய வீடுகளில் உப்பு சுவர் வழியாக ஏறுகிறது. ஈரம் காயும்போது உப்பு செங்கலுக்குள் படிகமாக விரிந்து பூச்சைப் பெயர்க்கும், கிணற்று நீர் கரிக்கும். மழைக்கால நன்னீர் வயலில் நின்ற காலத்தில் அந்த உப்பு ஆண்டுக்கு ஒரு முறையாவது பின்வாங்கியது.

இதில் தனி விவசாயியால் முடிவது குறைவு. பல வயல்கள் சேர்ந்த ஒரு தொகுதியைப் பாடசேகரம் என்கிறார்கள். வெளிவரப்பும் வடிகாலும் அதில் வயல் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொது. உப்பு வரப்புக்கு அடியில் கசியும். ஆகவே பத்துப் பேர் தூம்பை அடைத்து வயலைக் காயப்போட்டாலும், நடுவில் ஒருவர் இறாலுக்காக உப்புநீரை வைத்திருந்தால் பத்துப் பேரின் குவியலும் கழுவப்படாது. நெல் செய்ய விரும்புகிறவர்கள் அதனால்தான் மானியத்துக்கு முன்பாக ஒரு தேதியைக் கேட்கிறார்கள்: விஷு கழிந்ததும் பாடசேகரம் முழுவதற்கும் ஒரே நாளில் வடிப்பு தொடங்க வேண்டும், தொடங்காத தூம்பை அதிகாரிகள் வந்து திறக்க வேண்டும். அது நடக்கும் பாடசேகரங்களில் ஜூன் மழைக்குக் கூடைகள் தயாராக இருக்கின்றன.